கரி எரிந்து முடியும்வரை

நேற்றுக் காலை திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஒரு ஐ.டி. ஆபீஸ் வாசலில் ஆட்களை இறக்கிவிட்டு நின்றபோது, வண்டியின் அடியிலிருந்து அந்த வாசனை வந்தது. வெறும் இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து மறந்துபோனால் வருமே, அதுபோல. கூடவே முன்பக்க ஃபேன் பெரிய சத்தத்துடன் சுற்றத் தொடங்கியது. கடைசியாக இறங்கிய பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "அண்ணா, என்னமோ கரியுது, பாருங்க" என்றாள்.

"கரிதாம்மா எரியுது. அது எரியணும். நீங்க பயப்படாம போங்க" என்றேன்.

அடுத்த சவாரிக்கு அரை மணி நேரம் இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு மர நிழலில் ஒதுங்கியிருக்கலாம். அணைக்கவில்லை. ஆளில்லாத வண்டியை பைபாஸில் ஏற்றி, ஆக்குளம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். ஃபேன் சத்தம் தானாக அடங்கி, வாசனை போன பிறகுதான் சாவியைத் திருப்பினேன். உம்மை நினைத்துக்கொண்டே ஓட்டினேன் என்று எழுத வந்தேன். அது சரியில்லை வே. நீர் தினம் ஓட்டிய ஓட்டத்தைத்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நீர் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உமக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. போனில் "வந்தாச்சா", "வந்தாச்சு" என்பதோடு சரி. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நமக்குள் சிநேகம் என்று ஒன்று உண்டானதே விசித்திரம்தான். நம் முதலாளியான மலையாளத்துச் சேச்சி வளைகுடாவில் பல வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு வந்து, ஸ்ரீகாரியத்தில் வீடு கட்டி, நாலு கார் வாங்கி ஐ.டி. ஆபீஸ்களுக்கு வாடகைக்கு விட்டார். அதில் ஒரு வெள்ளை டீசல் வண்டிக்கு இரண்டு டிரைவர்கள். காலை ஐந்தரையிலிருந்து மதியம் ஒரு மணிவரை வள்ளியூர்க்காரனான நான். ஒரு மணிக்கு மேல் தோவாளைக்காரரான நீர். ஒரு வண்டியை இரண்டு பேர் ஓட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயும் போக முடியாது. நான் இறங்கினால்தான் நீர் ஏற முடியும். ஆகவே மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் டீக்கடையில், சாவி கைமாறுகிற அந்தப் பத்து நிமிஷம்தான் நமக்கு. பத்துப் பத்து நிமிஷமாகச் சேர்ந்த சிநேகம் அது.

நீர் வருவதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். கட்டையான உருவம், கட்டம் போட்ட சட்டை, வெயிலோ மழையோ கையில் குடை. வந்ததும் சர்க்கரை இல்லாத டீ சொல்வீர். சர்க்கரை வியாதிக்காரர் என்று கடைக்கார அம்மா இரக்கப்படும்போதே நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி இரண்டை எடுத்துத் தின்ன ஆரம்பித்திருப்பீர். "டீல தான்க்கா சர்க்கரை கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. பழத்தைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல்ல" என்பீர். பிறகு வண்டியில் ஏறி, நான் பின்னால் தள்ளி வைத்திருக்கும் சீட்டைக் கடகடவென்று முன்னால் இழுத்துக்கொண்டு, "என்னவே, காலையில ஸ்டியரிங்கை எட்டி நின்னு தொட்டுக் கும்பிட்டீரா" என்று கேட்பீர். உமக்கு நாற்பத்தாறு, எனக்கு நாற்பத்தி நாலு. நமக்குள் அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை, "வே" போதுமாக இருந்தது.

அந்த நாளில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. ஒரு லிட்டர் டீசலில் நான் ஓட்டுகிற தூரம் சேச்சியின் நாலு வண்டியிலும் யாருக்கும் வராது. ஞாயிற்றுக்கிழமை சேச்சி வீட்டு முற்றத்தில் வண்டி கழுவும்போது, "இவனைக் கண்டு படிக்கணும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். அதே வண்டி, அதே ரோடு, உம் கையில் மட்டும் டீசல் அதிகம் குடித்தது. "தோவாளைக்காரா, நீ வண்டி ஓட்டுன்னோ, அதோ டீசல் விக்குன்னோ?" என்று சேச்சி சிரித்துக்கொண்டே கேட்பார். நீரும் சிரிப்பீர். "எனக்குக் கால் கனம் சேச்சி" என்பீர். எனக்கு உள்ளுக்குள் குளிரும். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மழைக்காலம் முடிந்த சமயம், டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு வந்தது. ஒரு டப்பாவுக்குள் புள்ளி புள்ளியாக, பின்னால் புகைபோல ஏதோ வரைந்திருக்கும் படம். அது வந்தது உம்முடைய ஷிப்டில். நீர் நேராக கரமனைக்குப் போய் மெக்கானிக் சாமியிடம் காட்டினீர். சாமியை நாம் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். அக்ரஹாரத்துத் தெருவில் பிறந்து, பூணூலுக்கு மேல் கிரீஸ் படிந்த காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, டீசல் எஞ்சினைத் தவிர வேறு எதையும் பேசாத மனிதர். அவர் சொன்னதை மறுநாள் டீக்கடையில் எனக்கு நீர் விளக்கினீர்.

"சைலன்சருக்கு முன்னால ஒரு பில்டர் இருக்கு வே. தேன்கூடு கணக்கா ஓட்டை ஓட்டையா. புகையில வார கரிய எல்லாம் அது புடிச்சு வச்சுக்கிடும். நெறஞ்சா வண்டியே கொஞ்சம் டீசல் கூட விட்டு, சூடாக்கி, கரிய எரிச்சிரும். எரிக்கதுக்கு இருபது நிமிஷம் வண்டி நிக்காம, நல்ல வேகத்துல போணும். நம்ம வண்டிக்கு அது எங்க கெடைக்கு? பத்தடிக்கு ஒரு பிரேக்கு. அப்படியே எரிய ஆரம்பிச்சாலும் நாம நடுவுல அணைச்சிருதோம்."

"அணைச்சா என்ன?"

"எரியாம நின்னு போவும். அடுத்த தடவ மறுபடி முதல்ல இருந்து. எரிக்கதுக்கு விட்ட டீசல் வழிஞ்சு கீழ எஞ்சின் ஆயில்ல எறங்குமாம். ஃபேன் சத்தம் கூடுச்சுன்னாலோ, ஒரு சூட்டு வாசனை வந்தாலோ அணைக்காதேயும் வே. பைபாஸ்ல ஒரு ஓட்டம் விட்டு முடிச்சிரும்."

நான் தலையை ஆட்டினேன். பாதிதான் காதில் விழுந்தது. வண்டியைப் பற்றி உம்மிடம் கற்றுக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது என்ற நினைப்பு. நல்ல மைலேஜ் எடுக்கிறவன் நானல்லவா.

நான் செய்துகொண்டிருந்தது இதுதான். காலை ஏழரைக்கு ஆட்களை இறக்கிவிட்டு ஆபீஸ் வாசலில் நிற்பேன். நெரிசலில் ஊர்ந்து வந்த வண்டி அப்போதுதான் கரியை எரிக்க ஆரம்பித்திருக்கும். ஃபேன் இரையும். மைலேஜ் காட்டும் எண் கடகடவென்று இறங்கும். அதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. வீணாக டீசல் போகிறதே என்று உடனே அணைத்துவிடுவேன். தினமும். எரியாமல் நின்ற கரியைச் சுமந்துகொண்டு வண்டி ஒரு மணிக்கு உம் கைக்கு வரும். முதல் சவாரிக்கு முன்னால் நீர் பைபாஸில் வெறும் வண்டியை ஓட்டி அதை எரித்து முடிப்பீர். அந்த டீசல் உம் கணக்கில் விழும். சேச்சி உம்மைக் கேலி செய்வார். இவ்வளவுதான் நம் இரண்டு பேருடைய மைலேஜின் ரகசியம். எனக்கு அது தெரியாது. உமக்குத் தெரிந்திருந்தது.

விளக்கு அடிக்கடி வர ஆரம்பித்தபோது சேச்சியின் இன்னொரு டிரைவர் ஒரு வழி சொன்னான். சாலை பஜாருக்குப் பின்னால் ஒரு இடத்தில் அந்த பில்டரை அறுத்து எடுத்து, வெறும் கூட்டை மட்டும் திரும்பப் பற்ற வைத்துக் கொடுப்பார்களாம். விளக்கும் வராது, தொல்லையும் இல்லை. சேச்சிக்குக்கூட லேசாக மனம் சாய்ந்தது. எனக்கும்தான். நீர்தான் ஒப்பவில்லை. "அது புடிச்சு வைக்கிற கரியெல்லாம் பொறவு எங்க போவும் சேச்சி? பின்னால ஸ்கூட்டர்ல பிள்ளைய நிப்பாட்டிக் கொண்டு போறாளுவ. அதுக மூஞ்சிக்கு நேரால்லா போவும்" என்றீர். சேச்சி நர்ஸாக இருந்தவர். அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் நீர் என்னிடம் நேராகவே கேட்டீர். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், "கோவப்படாதேயும். காலையில எறக்கிவிட்ட உடனே அணைச்சிருதீரோ?" என்றீர்.

"எதுக்குக் கேக்கீரு?"

"மத்தியானம் வண்டி என் கைக்கு வரும்போது எரியாத கரியோடதான் வருது. ஒரு கால் மணிக்கூர் நீரும் ஓட்டி முடிச்சீருன்னா நல்லாருக்கும்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "உமக்கு மைலேஜ் வரல்லன்னா என்னை ஏன் சொல்லுதீரு? சேச்சி என்னைப் புகழ்ந்தா உமக்கு எரியுது. பொறாமை வே உமக்கு" என்றேன். கடைக்கார அம்மா திரும்பிப் பார்த்தார். நீர் டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர். பழம்பொரி தின்னாமல் நீர் போன ஒரே நாள் அது.

பிறகு ஒரு மாதத்துக்கும் மேலாக நாம் பேசவில்லை. ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து சாவியை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் போய்விடுவேன். நீர் எங்கேயோ தள்ளி நின்று, நான் போன பிறகு வந்து வாங்கிக்கொள்வீர். "நிங்ஙளுக்கு என்ன பிராந்தா? சின்னப் பிள்ளைகள் போல" என்று அந்த அம்மா நம் பைத்தியக்காரத்தனத்தைத் திட்டினார். ஆனால் சீட்டு மட்டும், காலையில் நான் ஏறும்போது, என் உயரத்துக்குச் சரியாகப் பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். முன்பெல்லாம் நீர் அப்படிச் செய்ததில்லை. பேச்சு நின்ற பிறகுதான் செய்தீர். அதைப் பார்த்தும் நான் இறங்கி வரவில்லை.

வண்டி நின்றது ஒரு திங்கட்கிழமை காலை. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கேசவதாசபுரம் தாண்டி ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று வண்டிக்கு இழுவையே இல்லை. காலை எவ்வளவு அழுத்தினாலும் மாட்டு வண்டி வேகம்தான். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கோடு சிவப்பு விளக்கும் சேர்ந்துகொண்டது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. ஆட்களை இரண்டு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கரமனைக்குப் போனேன். பில்டர் முழுதாக அடைத்துவிட்டது, புதிதாக மாற்ற வேண்டியிருந்தாலும் இருக்கும் என்று சாமி போனில் சொன்னதைக் கேட்டு சேச்சிக்கு முகமே மாறிவிட்டது.

அன்று மாலை முற்றத்தில் நாம் இரண்டு பேரும் சேச்சி முன்னால் நின்றோம். ஒரு மாதத்துக்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில் உம்மைப் பார்க்கிறேன். சேச்சி என்னைக் கேட்கவே இல்லை. உம்மைப் பார்த்து, "வண்டியைக் கண்டபடி மிதிச்சு ஓட்டினதுக்குள்ள கூலி இது. டீசலும் போயி, வண்டியும் போயி. நாளை முதல் நீ வரண்டா" என்றார்.

நீர் என்னைப் பார்க்கவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ. "சரி சேச்சி" என்று மட்டும் சொன்னீர். அவசரத்துக்கென்று சேச்சி தந்திருந்த மாற்றுச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தீர். குடையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனீர். அப்போதும் தப்பு உம்முடையது என்றுதான் என் மனம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து சாமி கூப்பிட்டார். போனேன். வண்டியில் ஒரு சின்ன மெஷினைச் செருகி, அதன் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இங்க வாரும். இது எத்தனை தடவை எரிக்க ஆரம்பிச்சது, எத்தனை தடவை முடிச்சதுன்னு வண்டியே எழுதி வச்சிருக்கு. முடிச்சதை விட பாதில நின்னது ஜாஸ்தி. யாரு அணைக்கறேள்?"

அவர் எஞ்சினுக்குள் கையை விட்டு ஆயில் அளக்கும் கம்பியை உருவி, துணியில் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துக் காட்டினார். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது.

"ஆயில் குறையும் ஓய். ஏறுமோ? டீசல் கலந்திருக்கு. மோந்து பாரும்."

மோந்து பார்த்தேன். அந்த வண்டியில் ஆயில் குறைவதே இல்லை என்று சேச்சியிடம் நான் பெருமையடித்திருக்கிறேன், வே. அதையும் என் கைராசி என்று நினைத்தவன் நான்.

"ஃபேன் சத்தம் வரும், அப்போ அணைச்சிருவேன்" என்றேன்.

சாமி கோபப்படவில்லை. "அந்தத் தோவாளைக்காரர் பாவம். நீர் அணைச்சதை எல்லாம் அவர் ஒருத்தரா எரிச்சுண்டு இருந்திருக்கார். இல்லேன்னா இந்த வண்டி எப்பவோ நின்னிருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

கரமனையிலிருந்து ஸ்ரீகாரியத்துக்கு பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் வேலை போய்விடும் என்ற பயம்தான். பையனுக்கு அந்த வருஷம்தான் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. இறங்கி, திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன். பிறகு சேச்சி வீட்டு மணியை அடித்தேன். அவர் கதவைத் திறந்ததும், உள்ளே கூப்பிடுவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம்.

சேச்சி கதவில் சாய்ந்துகொண்டார். பிறகு, "அவனுக்கு இது தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியும் சேச்சி. என்கிட்ட சொன்னாரு. நான்தான் கேக்கல்ல."

"பின்னே என்கிட்ட ஏன் சொன்னில்லா?"

சேச்சி அங்கேயே போனை எடுத்து உம்மைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, அதையே கேட்டார். "சொன்னா ஒரு ஆளுக்கு வேலை போவும் சேச்சி. சொல்லல்லன்னா எனக்கு வசவு மட்டும்தானே. வேலை போவும்னு நான் நெனைக்கல்ல, பாத்துக்கிடுங்க" என்றீர். கடைசி வாக்கியத்தில் நீர் சிரித்தது எனக்கும் கேட்டது. சேச்சி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் வா. வண்டியை சரியாக்கி ரெண்டு பேரும் சேர்ந்து கொண்டு வா. எனிக்கு இனி ஒண்ணும் கேக்கண்டா" என்று கதவைச் சாத்தினார்.

அடுத்த மூன்று நாள் நாம் சாமியின் வொர்க்‌ஷாப்பில் கிடந்தோம். முதலில் மெஷினை வைத்து நின்ற இடத்திலேயே எரிக்கப் பார்த்தார். கரி அளவுக்கு மேல் இருப்பதால் சூடு எக்கச்சக்கமாக ஏறி பில்டரே வெடித்துப்போகும் என்று விட்டுவிட்டார். பிறகு பில்டரைக் கழற்றி, எதிர்ப்பக்கத்திலிருந்து காற்றடித்து, மருந்துத் தண்ணீரில் ஊற வைத்துக் கழுவி, சூட்டில் காய வைத்தார். கழுவிய தண்ணீர் மசி போல ஓடியது. அதோடு சாம்பலும். "கரியை எரிச்சா போயிடும். சாம்பலை எரிக்க முடியாதோல்லியோ? அதைக் கழுவித்தான் ஆகணும்" என்றார். பில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தம் பார்க்கும் சென்சாரின் சின்ன ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தது, அதை மாற்றினார். டீசல் கலந்த ஆயிலை இறக்கிவிட்டு, சாம்பல் குறைவாக விடுகிற, இந்த வண்டிக்கென்று உள்ள ஆயிலை ஊற்றினார். முன்பு மலிவு என்று வேறு ஆயில் வாங்கி ஊற்றச் சொன்னதும் நான்தான். அதையும் அங்கேயே ஒப்புக்கொண்டேன். "இன்னும் எதாவது உண்டா வே, ஒரேயடியா சொல்லிரும்" என்றீர்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை. துணியும் பக்கெட்டுமாக நீர் நின்ற பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன். நீரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சொன்னீர், எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை வண்டியைக் கொடுக்கும்போது சாமி சொன்னார்: "ஒரு மணி நேரம் நிக்காம ஓட்டுங்கோ. அறுபது எழுபதுக்குக் குறையாம. அதுக்கப்புறம் கொண்டு வாங்கோ, மெஷின்ல பாக்கறேன்."

ஆகவே அன்றுதான் நாம் இரண்டு பேரும் முதல் முறையாக ஒரே வண்டியில் போனோம். ஒன்றரை வருஷமாக ஒரே சீட்டில் மாறி மாறி உட்கார்ந்தவர்கள், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. நான் சாவியை நீட்டினேன். "நீரே ஓட்டும். எப்படித்தான் ஓட்டுதீருன்னு பாப்போம்" என்று இடப்பக்கம் ஏறிக்கொண்டீர்.

கரமனை நெரிசலைக் கடந்து பைபாஸில் ஏறி, கோவளம் திருப்பம் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையில் உள்ள காரோடு ஊரைப் பார்த்து விட்டேன். ரோடு காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் செம்மண் வெட்டு, தென்னை, நடுவில் எங்கோ ஒரு கணம் கடல். நீர் என் காலையும் மைலேஜ் எண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தீர். பிறகு, "நல்லாத்தான் வே ஓட்டுதீரு. அலுங்காம குலுங்காம" என்றீர். உண்மையாகவே சொன்னீர்.

"என்னை மன்னிச்சிரும்" என்றேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்தால் வந்திருக்காது.

"எதுக்கு?"

"பொறாமைன்னு சொன்னேனே."

நீர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர். "அதுல ஒரு கால்வாசி உள்ளதுதான் வே. சேச்சி உம்மைப் புகழும்போது எனக்கும் ஒரு மாதிரிதான் இருக்கும். மனுசன்தானே. அதனாலதான் நீரு சொன்ன ஒடனே சுருக்குன்னு இருந்துச்சு. முழுப் பொய்யா இருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன்" என்றீர்.

அதற்குப் பிறகு நாம் அதைப் பேசவில்லை. உம் மகளுக்குக் கணக்கு வராததைப் பற்றிச் சொன்னீர். கல்யாணம் ஆன புதிதில் மனைவியை பொன்முடி மலைக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி, கல்லாறு வரை போய், ஆற்றில் காலை நனைத்துவிட்டு மழைக்குப் பயந்து திரும்பியதையும், அதை இன்றும் அவர் சொல்லிக்காட்டுவதையும் சொன்னீர். பேச்சு நடுவே ஃபேன் இரைய ஆரம்பித்தது. சூட்டு வாசனையும் வந்தது. என் கால் தன்னால் பிரேக் பக்கம் போனது. நீர் என் முழங்காலில் லேசாகத் தட்டினீர். "விடும். அது வேலையை அது பாக்கட்டும்."

ரோட்டோரம் ஒரு கடையில் பழம்பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுத்தட்டுமா என்று கேட்டேன். நீர் கழுத்தைத் திருப்பி அந்தக் கடை மறையும்வரை பார்த்தீர். "வேண்டாம். எரிஞ்சு முடியட்டும்" என்றீர். நீர் பழம்பொரியை விட்டுக்கொடுத்ததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அன்று கோபத்தில் தின்னாமல் போனதைச் சேர்க்கவில்லை. காரோட்டில் ரோடு முடிகிற இடம்வரை போனோம். "இன்னும் ஒரு மிதி மிதிச்சா ஊரு வந்துரும்" என்று சொன்னீர். அப்புறம் திரும்பினோம். சாமி மெஷினைச் செருகிப் பார்த்து, "இப்பதான் மூச்சு விடறது" என்றார். புது பில்டர் தேவைப்படவில்லை. சேச்சி உம்மைத் திரும்ப வேலைக்கு வைத்துக்கொண்டார். என்னையும் அனுப்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மைலேஜைப் பற்றி முற்றத்தில் ஒரு நாளும் அவர் பேசவில்லை.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. காலைச் சவாரி முடிந்ததும் நானும் பைபாஸில் ஒரு ஓட்டம் விட ஆரம்பித்தேன். உம் மைலேஜும் என் மைலேஜும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. பிறகு நான் சொந்தமாக ஒரு வண்டி எடுத்தேன். எடுத்த அன்று நீர் வந்து, முதல் காரியமாக சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தீர். ஒரு மணிக்கு எங்கிருந்தாலும் டீக்கடைக்கு வருவதை மட்டும் நான் விடவில்லை. சாவி கொடுக்கவும் வாங்கவும் ஒன்றுமில்லாமலே உட்கார்ந்திருப்போம்.

போன வருஷம் ஒரு நாள் நீர் வரவில்லை. ஊருக்குப் போயிருந்தீர், அன்று திரும்பியிருக்க வேண்டும். சேச்சிதான் போன் செய்தார். காலையில் குளித்துவிட்டு வந்து, நெஞ்சை அடைக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்தீராம். அவ்வளவுதான். சேச்சியையும் ஏற்றிக்கொண்டு தோவாளைக்கு ஓட்டினேன். வழியெல்லாம் அவர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வந்தார்.

உம் வீட்டை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உம் மனைவியை அதற்கு முன்னால் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, யாரோ என்னை இன்னார் என்று அவரிடம் சொன்னார்கள். அவர் எழுந்து வந்தார். அழுது வீங்கிய முகத்தோடு, பக்கத்தில் நின்ற தன் அம்மாவிடம் என்னைக் காட்டி, "இவியதாம்மா. வேலை போனப்ப முதலாளியம்மாகிட்ட போய்ப் பேசி அவியளத் திரும்பச் சேத்து விட்டது இவியதான். எப்பவும் சொல்லுவாவ" என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அது பொய்யில்லை. நான் போய்ப் பேசியதும் உண்மை, உமக்கு வேலை திரும்பக் கிடைத்ததும் உண்மை. யாரால் போனது என்பதை மட்டும் நீர் வீட்டில் சொல்லவே இல்லை. அந்த நேரத்தில், அந்த இடத்தில், அதைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

பல மாதம் அது உள்ளே கிடந்து உறுத்தியது. போன மாதம், உம் மகளுக்குக் கல்லூரி சேர்க்கை விஷயமாக விசாரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. போனில் சொல்லியிருக்கலாம். நேரிலேயே போனேன். போய் உட்கார்ந்து, காப்பி குடித்து, அந்தப் பேச்சு முடிந்ததும், வேலை போன கதையை உம் மனைவியிடம் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஃபேன் சத்தத்துக்கு அணைத்தது, பொறாமை என்று சொன்னது, முற்றத்தில் வாயைத் திறக்காமல் நின்றது, எல்லாம். நான் முடித்ததும் அவர் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"அவிய எதையுமே பாதிதான் சொல்லுவாவ அண்ணே. நல்ல பாதி" என்றார். இன்னொரு காப்பி போட அடுப்படிக்குப் போனார்.

மறைக்க இனி என்னிடம் ஒன்றுமில்லை வே. முழுவதையும் சொல்லியாயிற்று. ஆனாலும் உம் வீட்டில் இன்றைக்கும் நான், உம் வேலையை மீட்டுக் கொடுத்த ஆள்தான். உம் மகள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைத் தன் சிநேகிதிகளுக்கு அறிமுகப்படுத்துகிறாள். அது நான் சம்பாதித்த பெயரில்லை. நீர் கொடுத்தது. கொடுத்தவரிடம் திருப்பித் தர வழியில்லாததால், அதற்கு ஏற்ற ஆளாக நடந்துகொள்ள முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். சில நாள் முடிகிறது.